'அறிவியலுக்குப் பொருந்தாது': அறிவியல் புனைவில் பாலினமும் இனமும்

2014 நவம்பரில் 'ஸ்டார் வார்ஸ்' வரிசையின் புதிய படத்துக்கு முதல் முன்னோட்டம் வெளிவந்தது. பாலைவனத்தின் நடுவே, வெள்ளைக் கவசம் அணிந்த ஒரு படைவீரன் வியர்த்துக் கொட்ட, திடுக்கிட்டு எழுந்து நிற்கிறான். அந்த வேடத்தில் நடித்தவர் ஜான் போயேகா. நைஜீரியப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த கறுப்பின நடிகர். உடனே ஓர் எதிர்ப்புக் கிளம்பியது. "இந்தப் படைவீரர்கள் எல்லோரும் ஒரே மனிதனிடமிருந்து உருவாக்கப்பட்ட குளோன்கள். அவர்களுக்குள் ஒரு கறுப்பர் எப்படி வருவார்? அறிவியலுக்குப் பொருந்தவில்லையே" என்றார்கள்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே வரிசையில் 2002-இல் வந்த படம் அந்தக் குளோன்களின் மூல மனிதன் யார் என்பதைக் காட்டிவிட்டது. அந்த வேடத்தில் நடித்தவர் டெமுவேரா மாரிசன், நியூசிலாந்தின் மாவோரி மக்களைச் சேர்ந்தவர், பழுப்பு நிறத்தவர். குளோன் கணக்கை நேராகப் போட்டால் அந்தப் படை முழுவதும் மாவோரி முகத்தோடுதான் இருக்க வேண்டும். போதாக்குறைக்கு, புதிய படம் நடக்கும் காலத்தில் வீரர்கள் குளோன்களே அல்லர். சிறுவயதிலேயே குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டுப் பயிற்சி பெற்றவர்கள். அப்படியானால் எதிர்த்தவர்கள் மனதில் இருந்த வெள்ளை முகம் எங்கிருந்து வந்தது? தலைக்கவசத்துக்குள் இருக்கும் முகத்தைப் பார்வையாளர்கள் அதுவரை பெரும்பாலும் பார்த்ததே இல்லை. பார்க்காத முகத்துக்கு அவர்களே ஒரு நிறம் கொடுத்திருந்தார்கள்.

இந்த வாதம் அதற்கு முன்னும் வந்திருக்கிறது, பின்னும் வந்துகொண்டிருக்கிறது. ஒரு பெண்ணோ கறுப்பினத்தவரோ முக்கிய இடத்துக்கு வரும்போதெல்லாம் 'பொருந்தாது' என்ற சொல் அறிவியலின் பெயரில் வருகிறது. அந்தச் சொல்லை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் சில சொற்கள்

'பால்' என்பது உடலமைப்பையும் உயிரியலையும் குறிப்பது. 'பாலினம்' என்பது ஒரு சமூகம் அந்த உடலுக்கு ஒதுக்கும் இடம், வேலை, உடை, எதிர்பார்ப்பு எல்லாம் சேர்ந்தது. 'இனம்' தமிழில் கொஞ்சம் சிக்கலான சொல். உயிரினம், மொழியினம், நிறத்தை வைத்துப் பிரிக்கப்பட்ட மனிதப் பிரிவு எல்லாவற்றுக்கும் இதையே பயன்படுத்துகிறோம். இந்தக் கட்டுரையில் அது கடைசிப் பொருளில் மட்டும் வருகிறது.

அடுத்தது 'பொருந்தும்' என்ற சொல். ஒரு கதையைப் பார்த்து 'இது பொருந்துகிறது' என்று நாம் சொல்லும்போது அதற்குள் மூன்று வேறு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன.

1. இயற்கை விதிக்குப் பொருந்துவது. ஒளியின் வேகம் நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர். நாம் அறிந்த இயற்பியலின்படி நிறையுள்ள எந்தப் பொருளும் அந்த வேகத்தைத் தொட முடியாது. ஒளியை முந்தும் கப்பல் வரும் கதைகள் எல்லாம் இந்தத் தேர்வில் தோற்பவை. வெற்றிடத்தில் வெடிச்சத்தம் கேட்கும் படங்களும் அப்படியே.

2. கதை தானே விதித்துக்கொண்ட சட்டத்துக்குப் பொருந்துவது. ஒளியை முந்தும் கப்பல் உண்டு, ஆனால் அதற்கு ஓர் அரிய எரிபொருள் தேவை என்று முதல் அத்தியாயத்தில் சொல்லிவிட்டால், ஐந்தாம் அத்தியாயத்தில் அது இல்லாமல் பறக்கக் கூடாது. நல்ல வாசகர்கள் இதில்தான் கண்டிப்பாக இருப்பார்கள், இருக்கவும் வேண்டும்.

3. நம் பழக்கத்துக்குப் பொருந்துவது. இதுவரை பார்த்த படங்களிலும் படித்த கதைகளிலும் கப்பலின் தலைவர் யார், விஞ்ஞானி யார், காப்பாற்றப்படுபவர் யார் என்று மனம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அதிலிருந்து விலகினால் உறுத்துகிறது.

மூன்றாவதற்கும் அறிவியலுக்கும் தொடர்பில்லை. ஆனால் அந்த உறுத்தல் எழும்போது அது மூன்றாவது வகை என்று நமக்குத் தெரிவதில்லை. முதல் வகையைப் போலவே தோன்றுகிறது. 'இது உண்மையில் நடக்காதே' என்று சொல்ல வைக்கிறது. எதிர்ப்பவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. பழக்கத்தையே அறிவியல் என்று அவர்கள் மனமார நம்புகிறார்கள். அதனால்தான் இதைப் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கிறது.

எதிர்ப்புகளை அறிவியலிடமே கொண்டுபோனால்

1. தோலின் நிறம். 2022-இல் கடற்கன்னிக் கதையின் புதிய படத்துக்கு முன்னோட்டம் வந்தபோது, கறுப்பின நடிகை ஹாலி பெய்லி அந்த வேடத்தில் நடிப்பது பற்றி அமெரிக்காவில் பெரிய சர்ச்சை. வெளிச்சமே இல்லாத ஆழ்கடலில் வாழும் உயிருக்குக் கரிய தோல் இருக்க அறிவியல்படி வாய்ப்பில்லை என்றுகூட வாதிட்டார்கள். இது தேவதைக் கதை, அறிவியல் புனைவே அல்ல. இருந்தாலும் வாதம் அறிவியலின் பெயரில் வந்ததால் அதற்குப் பதில் சொல்லலாம்.

சூரிய ஒளி 200 மீட்டருக்குக் கீழே மிகவும் குறைந்துவிடும். 1,000 மீட்டருக்குக் கீழே இல்லவே இல்லை என்று சொல்லிவிடலாம். அங்கே கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் உயிர்கள் உண்டு, உண்மைதான். ஆனால் உலகின் மிகக் கரிய உயிர்களில் சிலவும் அங்கேதான் வாழ்கின்றன. 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, 16 வகை ஆழ்கடல் மீன்கள் தம்மேல் படும் ஒளியில் 0.5 சதவீதத்துக்கும் குறைவாகவே திருப்பி அனுப்புகின்றன என்று காட்டியது. காரணம், தோலில் நெருக்கமாக அடுக்கப்பட்ட மெலனின். நம் தோலுக்கு நிறம் தருவதும் அதே மெலனின்தான். ஆழ்கடலில் பல உயிர்கள் தாமே ஒளி உமிழ்ந்து இரை தேடுகின்றன. அந்த வெளிச்சத்தில் அகப்படாமல் இருக்க இந்த மீன்களுக்குக் கறுப்பு உதவுகிறது.

மனிதத் தோலின் கதை வேறு. புறஊதாக் கதிர் அதிகமுள்ள இடங்களில் மெலனின் பாதுகாப்புத் தருகிறது. குறைவான இடங்களில் வைட்டமின் டி உற்பத்திக்கு வெளிர்நிறம் உதவுகிறது. ஆனால் அந்த மாற்றம் நடக்கப் பல ஆயிரம் ஆண்டுகள் வேண்டும். இங்கிலாந்தின் செடார் பள்ளத்தாக்கில் கிடைத்த, சுமார் 10,000 ஆண்டுகள் பழைய எலும்புக்கூட்டின் மரபணுவை ஆராய்ந்தவர்கள், அந்த மனிதருக்குக் கரிய தோலும் நீலக் கண்களும் இருந்திருக்கலாம் என்று 2018-இல் அறிவித்தார்கள். சில நூறு ஆண்டுகள் பயணிக்கும் விண்கலத்தில் யாருக்கு என்ன நிறம் என்பதைத் தீர்மானிப்பது பரிணாமம் அல்ல, யார் யாரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள் என்பதுதான்.

2. ஏறியவர்கள் யார்? இன்றைய உலக மக்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் ஆசியாவிலும் 18 சதவீதம் பேர் ஆப்பிரிக்காவிலும் வாழ்கிறார்கள். 300 ஆண்டுகளுக்குப் பிறகு 'மனித குலமே' புறப்பட்டுப் போகும் கப்பலில் எல்லோரும் வெள்ளையராக இருந்தால், விளக்கம் தர வேண்டியது அந்தக் கதைதான். மற்றவர்களுக்கு என்ன ஆயிற்று? யாராவது அழித்தார்களா, வாசலிலேயே நிறுத்தினார்களா? இந்தக் கேள்வியை எழுப்பாமலேயே பல பத்தாண்டுகள் கதைகள் எழுதப்பட்டன, படங்கள் எடுக்கப்பட்டன. அப்போது 'பொருந்தாது' என்று சொன்னவர்கள் மிகக் குறைவு.

3. ஆண் பெண்ணாக மாறுவது. பிரிட்டனின் 'டாக்டர் ஹூ' தொடரின் நாயகர் மனிதர் அல்லர். சாகும் தறுவாயில் உடல் முழுவதும் மாறி வேறொரு முகத்தோடு பிழைத்தெழும் வேற்றுக்கிரகவாசி. 1966-இலிருந்தே இந்த மாற்றம் கதையில் உண்டு. ஆனால் 2017-இல் அடுத்த டாக்டர் ஒரு பெண், ஜோடி விட்டேக்கர், என்று அறிவித்ததும், ஆண் உடல் பெண் உடலாக மாறுவது உயிரியலுக்கு ஒவ்வாது என்ற எதிர்ப்பு வந்தது. உடலின் ஒவ்வொரு செல்லும் மாறுவதை நம்பியவர்களுக்கு இது மட்டும் நம்ப முடியாததாகிவிட்டது.

நம் கடலோரத்தில் யாரும் வேற்றுக்கிரகம் வரை போக வேண்டியதில்லை. மீன் சந்தைக்குப் போனால் போதும். கொடுவா மீன் பெரும்பாலும் ஆணாக முதிர்ந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறுவது. களவா வகையில் பலவும் அதற்கு நேர்மாறு, முதலில் பெண், பிறகு ஆண். கடற்சாமந்திக்குள் வாழும் கோமாளி மீன் கூட்டத்தில் பெண் மீன் இறந்தால், அதன் ஆண் துணை பெண்ணாக மாறிவிடும்.

4. 'பெண் உடல் விண்வெளிக்குத் தாங்காது' என்ற வாதம். கணக்குப் போட்டால் நிலைமை தலைகீழ். சராசரியாகப் பெண்ணின் உடல் சிறியது என்பதால் உணவு, ஆக்சிஜன், தண்ணீர் எல்லாம் குறைவாகவே தேவை. 1,080 நாள் பயணத்துக்கு நான்கு பெண்கள் போனால், நான்கு ஆண்கள் போவதைவிடச் சுமார் 1,700 கிலோ உணவு மிச்சம் என்று 2023-இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. ஒவ்வொரு கிலோவுக்கும் செலவு எகிறும் விண்வெளியில் இது சிறிய தொகை அல்ல.

அறிவியலே தவறான பக்கம் நின்ற காலம்

இதுவரை படித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். 'அறிவியலைக் கேட்டால் போதும், நியாயம் கிடைத்துவிடும்' என்பது போல இருக்கிறதே? அப்படி இல்லை. அறிவியல் புனைவு பிறந்து வளர்ந்த 19-ஆம் நூற்றாண்டில், இன ஏற்றத்தாழ்வை அளந்து காட்டியதே அன்றைய அறிவியல்தான்.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சாமுவேல் மார்ட்டன் என்ற மருத்துவர் உலகெங்குமிருந்து மண்டை ஓடுகளைச் சேகரித்தார். முதலில் விதைகளையும் பிறகு ஈயக் குண்டுகளையும் அவற்றுள் நிரப்பிக் கொள்ளளவை அளந்து, இனங்களை மேல் கீழ் என்று வரிசைப்படுத்தினார். அவருடைய முதல் பெரிய நூல் வந்தது 1839-இல். பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் மூளைகளை எடைபோட்டார். பெண்களின் மூளை எடை குறைவு என்பதை அறிவுக் குறைவோடு இணைத்தார். 1873-இல் பாஸ்டன் மருத்துவர் எட்வர்ட் கிளார்க், கடுமையாகப் படித்தால் பெண்ணின் கருப்பை பாதிக்கும் என்று புத்தகமே எழுதினார்.

இதற்கு மிக அழகான பதில் ஒன்று நம் ஊரிலிருந்து அச்சேறியது. 1905-இல் மெட்ராஸிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில் வங்காளத்தின் பேகம் ரொக்கையா எழுதிய 'சுல்தானாவின் கனவு' என்ற ஆங்கிலக் கதை வெளியானது. அதில் வரும் நாட்டில் பெண்கள் ஆள்கிறார்கள், ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். பெண் விஞ்ஞானிகள் மேகத்திலிருந்து நேராகத் தண்ணீர் எடுக்கிறார்கள், சூரிய வெப்பத்தைச் சேமித்துப் பயன்படுத்துகிறார்கள், வானூர்தியில் போகிறார்கள். ஆணின் மூளை பெரிது என்ற பேச்சு அந்தக் கதைக்குள்ளேயே வருகிறது. யானைக்கும்தான் மனிதனைவிடப் பெரிய மூளை, இருந்தும் மனிதன்தானே அதைச் சங்கிலியில் கட்டி வேலை வாங்குகிறான் என்று பதில் வருகிறது. புரோக்காவின் தராசுக்கு இதைவிடச் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மரபணு ஆய்வு வளர்ந்த பிறகு இன வரிசையின் அடித்தளமும் ஆட்டம் கண்டது. 1972-இல் மரபியல் ஆய்வாளர் ரிச்சர்ட் லூவன்டின், மனிதர்களுக்கிடையே உள்ள மரபு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது என்று கணக்கிட்டார். அதாவது இனங்களுக்கு நடுவே இருப்பதாக நாம் நினைக்கும் பெரும் இடைவெளி, மரபணுவில் சிறிய பங்குதான்.

விண்வெளியிலும் இதே கதை நடந்தது. 1959-இல் நாசா தன் முதல் 7 வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, ஜெட் விமானச் சோதனை விமானிகளாக இருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பணியில் பெண்களை அன்று சேர்ப்பதே இல்லை. அந்த வீரர்களைப் பரிசோதித்த மருத்துவர் லவ்லேஸ், 1960, 61-இல் தனி முயற்சியாகப் பெண் விமானிகளுக்கும் அதே உடற்சோதனைகளை நடத்தினார். ஜெர்ரி காப் உட்பட 13 பேர் தேறினார்கள். 1962-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு இதுபற்றி விசாரித்தபோது, அந்த 7 வீரர்களில் ஒருவரான ஜான் கிளென் சொன்ன காரணத்தில் உடலும் இல்லை, இயற்பியலும் இல்லை. பெண்கள் இந்தத் துறையில் இல்லாதது நம் சமூக அமைப்பின் விளைவு என்றார். அதாவது மூன்றாவது வகைப் பொருத்தம். அடுத்த ஆண்டு ஜூனில் சோவியத் ஒன்றியத்தின் வாலன்டினா தெரஷ்கோவா பூமியை 48 முறை சுற்றிவிட்டு வந்தார்.

அமெரிக்கப் பெண் ஒருவர் விண்வெளி போக மேலும் 20 ஆண்டுகள் ஆயின. 1983-இல் சாலி ரைடு ஒரு வாரப் பயணத்துக்குத் தயாரானபோது, மாதவிடாய்க்குப் பயன்படுத்தும் உறிஞ்சு பஞ்சான டாம்பான் 100 போதுமா என்று பொறியாளர்கள் கேட்டதை அவரே பின்னாளில் பதிவுசெய்தார். அந்தக் காலத்தின் சிறந்த பொறியாளர்கள் அவர்கள். பெண்ணுடல் பற்றிய அடிப்படை அறிவு அவர்கள் பாடத்தில் ஒருபோதும் இருந்ததில்லை.

பழக்கம் எப்படி உருவானது

கதைகளை எழுதியவர்கள் மட்டும் அந்தப் பழக்கத்துக்குப் பொறுப்பல்ல, வாசலில் நின்று எதை உள்ளே விடுவது என்று முடிவு செய்தவர்களுக்கும் பங்குண்டு. அறிவியல் துல்லியத்தை வலியுறுத்திப் பல எழுத்தாளர்களை உருவாக்கியவர் அமெரிக்க அறிவியல் புனைவுப் பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்ப்பெல். 1960-களின் இறுதியில் கறுப்பின எழுத்தாளர் சாமுவேல் டெலானியின் 'நோவா' நாவல் அவரிடம் தொடராக வெளியிட வந்தது. கறுப்பின நாயகனோடு தன் வாசகர்கள் ஒன்ற மாட்டார்கள் என்று காரணம் சொல்லி அவர் மறுத்ததை டெலானி பின்னர் எழுதியிருக்கிறார். கதையின் இயற்பியலில் அவருக்குக் குறை எதுவும் இல்லை. கேம்ப்பெல் பெயரில் புதிய எழுத்தாளர்களுக்குக் கொடுத்துவந்த விருது 2019-இல் பெயர் மாற்றப்பட்டது.

பெண் எழுத்து என்றால் எப்படி இருக்கும் என்ற கணக்கும் இதே போல உடைந்தது. ஜேம்ஸ் டிப்ட்ரீ என்ற ஆண் பெயரில் வந்த கதைகளில் ஆண்தன்மை ஊறியிருக்கிறது என்று 1975-இல் சக எழுத்தாளர் ராபர்ட் சில்வர்பெர்க் எழுதினார். ஓரிரு ஆண்டுகளில் உண்மை வெளிவந்தது. எழுதியவர் ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண்.

பழக்கம் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். 1966-இல் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' தொடரில் கப்பலின் தகவல்தொடர்பு அதிகாரியாக நடித்த கறுப்பின நடிகை நிஷெல் நிக்கல்ஸ், 1977-இல் நாசாவுக்கு ஆள்சேர்க்கும் பணியில் இறங்கினார். 1978-இல் தேர்வான 35 பேரில் 6 பேர் பெண்கள், 3 பேர் கறுப்பினத்தவர்.

அவன், அவள், அவர்

பாலினத்தைப் பற்றி மிக ஆழமாக யோசித்த நாவல்களில் ஒன்று, அமெரிக்க எழுத்தாளர் ஊர்சுலா லெ குவின் 1969-இல் வெளியிட்ட 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்'. அதில் வரும் கிரகவாசிகளுக்கு நிரந்தரப் பால் கிடையாது. மாதத்தில் சில நாள் மட்டும் ஆணாகவோ பெண்ணாகவோ ஆவார்கள். யாரும் கருவுறலாம், அரசரும்கூட. ஆனால் அவர்கள் எல்லோரையும் லெ குவின் 'அவன்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் சுட்டினார். விளைவு, படிப்பவர் மனதில் எல்லோரும் ஆண்களாகவே நடமாடினார்கள். 1976-இல் அதற்குச் சமாதானம் சொல்லி ஒரு கட்டுரை எழுதினார். பத்தாண்டு கழித்து அதே கட்டுரைக்குக் குறிப்புகள் சேர்த்து, தான் மாறிவிட்டதை ஒப்புக்கொண்டார். தன் எழுத்தை இப்படித் திருத்திப் பார்க்கும் நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

தமிழில் எழுதுபவருக்கு இது வேறுவிதமான சிக்கல். 'வந்தான்', 'வந்தாள்' என்று வினையிலேயே பால் ஒட்டிக்கொண்டு வரும். 'வந்தார்' என்றால் பால் மறைந்துவிடும், ஆனால் மரியாதை வந்து உட்கார்ந்துவிடும். குழந்தையையும் திருடரையும் நெருங்கிய நண்பரையும் 'அவர்' என்று சொன்னால் உறவின் நெருக்கம் போய்விடுகிறது. 'அது' என்றால் அஃறிணை. பால் இல்லாத வேற்றுக்கிரகவாசியைத் தமிழில் எழுத நினைப்பவர் முதல் வாக்கியத்திலேயே இதைத் தீர்த்தாக வேண்டும்.

எதிர்ப்பு எப்போது நியாயம்?

எல்லாக் கேள்வியையும் வெறுப்பு என்று ஒதுக்கினால் அதுவும் தவறு. ஒரு கதை, ஆயிரம் ஆண்டுகள் வெளியுலகத் தொடர்பே இல்லாமல் தங்களுக்குள்ளேயே மணம் முடித்து வாழ்ந்த சிறு கூட்டம் ஒன்றைக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே உலகின் எல்லா நிறத்தவரும் இருந்தால், எப்படி என்று கேட்கலாம். அது இரண்டாம் வகைக் கேள்வி, கதை தன் சட்டத்தை மீறுகிறதா என்பது. ஒன்றை மட்டும் உடன் கேட்டுக்கொள்ள வேண்டும்: இதே கூட்டத்தில் பொன்னிற முடியும் கருமுடியும் கலந்திருந்தால் நான் கேட்டிருப்பேனா?

அப்புறம், இனத்தையும் பாலினத்தையும் மேலோட்டமாக ஒட்டவைக்கும் கதைகளும் உண்டு. கறுப்பினப் பெண் ஒருவரை நடிக்க வைத்துவிட்டு, அந்த உலகம் அவரை எப்படி நடத்தும் என்பதை யோசிக்கவே மாட்டார்கள். இங்கே பொருத்தம் உண்மையாகவே குறைகிறது.

அதை முழுமையாக யோசித்தவர் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர். 1979-இல் வந்த அவருடைய 'கின்ட்ரெட்' நாவலில் 1976-இன் கலிபோர்னியாவில் வாழும் கறுப்பினப் பெண் டேனா, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு, அடிமை முறை நடக்கும் மேரிலாந்துக்கு இழுக்கப்படுகிறாள். காலப்பயணம் எப்படி நடந்தது என்பதற்கு நாவலில் எந்த விளக்கமும் இல்லை. இயந்திரம் இல்லை, சூத்திரம் இல்லை. ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு ஒவ்வொரு அடியும் கணக்கோடு இருக்கிறது. யாரிடம் கண்ணைப் பார்த்துப் பேசலாம், கையில் விடுதலைப் பத்திரம் இல்லாதவரை என்ன செய்வார்கள், எழுதப் படிக்கத் தெரிவது எவ்வளவு ஆபத்து என்று எல்லாமே அந்தக் காலத்து விதிகளின்படி நடக்கிறது. அவளுடைய வெள்ளைக்காரக் கணவனும் அதே காலத்துக்குப் போகிறான். அவனுக்கு அங்கே வேறு விதிகள். பட்லர் முதலில் ஓர் ஆணைத்தான் நாயகனாக யோசித்திருந்தார். 20-ஆம் நூற்றாண்டின் கறுப்பின ஆண் ஒருவனின் நடையும் பேச்சும் பார்வையும் அன்றைய வெள்ளையருக்கு மிரட்டலாகத் தெரியும், உடனே கொன்றுவிடுவார்கள், கதை முடியும்வரை அவனை உயிரோடு வைத்திருக்க முடியவில்லை என்று பேட்டிகளில் சொன்னார். அதனால்தான் நாயகியை அனுப்பினார்.